கூரையில்லாத கார்... குஷியா, குடைச்சலா?

தமிழ்நாட்டில் திறந்த காரில் பவனி போகிறவர்கள் மூன்றே ரகம்தான். ஓட்டுக் கேட்டு வருகிற தலைவர். கதாநாயகியோடு பாட்டுப் பாடுகிற ஹீரோ. மறுநாள் காலையில் தாலி கட்டப் போகிற மாப்பிள்ளை.

முதல் இரண்டு பேருக்கும் அது தொழில். அடிக்கடி போவார்கள், அலுத்தும் போயிருக்கும். மூன்றாமவருக்கு அது ஆயுளில் ஒரே ஒரு ராத்திரி. சில வீடுகளில் ஜானவாசம் என்பார்கள், சில வீடுகளில் மாப்பிள்ளை அழைப்பு என்பார்கள். பெயர் எதுவானால் என்ன, கார் ஒன்றுதான். அந்தக் காலத்து ப்ளிமத்தோ, செவர்லேயோ, டாட்ஜோ... மேல்துணியை மடக்கிப் பின்னால் தள்ளி, பானெட் மேல் சாமந்திப் பூவைச் சாத்தி, கல்யாண சீசனில் மட்டும் ஷெட்டை விட்டு வெளியே வரும்.

அதில் மாப்பிள்ளை என்ன சுகத்தைக் கண்டார் என்று யோசித்துப் பாருங்கள். மே மாதப் புழுக்கத்தில் கோட்டும் சூட்டும். கழுத்தில் இடுப்பு வரைக்கும் மாலை. மடியில் ஒன்று, தோளில் ஒன்று, காலடியில் மூன்று என்று, யார் வீட்டுப் பிள்ளைகள் என்றே தெரியாத வாண்டுகள். இரண்டு பக்கமும் உஸ்ஸென்று காஸ் லைட். கார் போகிற வேகம்? முன்னால் நடக்கிற நாதஸ்வர வித்வானின் வேகம்! அவர் தெருமுனையில் நின்று தோடியை விஸ்தாரமாக ஆரம்பித்துவிட்டால் காரும் அங்கேயே நிற்கும். வண்டி ஓடினால்தான் ரேடியேட்டருக்குத் தாராளமாகக் காற்று. ஓடாவிட்டால் தண்ணீர் கொதிக்கும். ஆலாபனை முடிவதற்குள் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பிவிடும்.

திறந்த காரின் தலையாய சுகம் காற்று. அந்தக் காற்று மட்டும் கிடைக்காத ஒரே திறந்த கார் சவாரி, நம்ம ஊர் மாப்பிள்ளை அழைப்புதான்!

காற்றோடு ஒரு சவாரி போய்ப் பார்த்தால் என்ன என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. சேலத்தில் சேகோ வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரிடம் மேல்துணி போட்ட பழைய ஜீப் இருக்கிறது. "துணியைக் கழட்டி வெச்சுட்டு நாமக்கல் வரைக்கும் போய்ட்டு வரலாமா?" என்றேன். "உனக்கு என்ன கோட்டி புடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு, அன்று சாயங்காலமே கழற்றி வைத்துவிட்டார். எதைப் பார்த்தாலும் பேரேட்டில் வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று எழுதிப் பார்ப்பது பி.காம். படித்தவனின் வியாதி. அந்தக் கணக்கைத்தான் இங்கே ஒப்பிக்கிறேன்.

கூரைதான் ஆடம்பரம்!

கணக்குக்கு முன்னால் கொஞ்சம் பூர்வ கதை.

ஆதியில் கார் என்றாலே திறந்த கார்தான். குதிரையை அவிழ்த்துவிட்டு அந்த இடத்தில் இன்ஜினை வைத்தார்கள். அவ்வளவுதான் விஷயம். கூரை வேண்டுமென்றால் கூடுதல் பணம். பணக்காரர்கள் மூடிய காரில் போனார்கள். மற்றவர்கள் வெயிலிலும் மழையிலும் நனைந்து காய்ந்து போனார்கள். அமெரிக்காவில் 1924ல் விற்ற கார்களில் நூற்றுக்கு 43தான் மூடியவை. மூன்றே வருஷத்தில், 1927ல், அது 85 ஆகிவிட்டது. தகட்டை அழுத்தி வார்க்கிற வித்தை வளர்ந்து, கூரை மலிவாகிவிட்டதுதான் காரணம்.

எல்லோருக்கும் கூரை கிடைத்த பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? பணக்காரர்கள் கூரையைக் கழற்றிவிட்டார்கள்! கன்வெர்ட்டிபிள் என்று அதற்கு ஒரு பெயர், அதற்கும் கூடுதல் விலை. நம் தாத்தாக்கள் கேழ்வரகுக் களி தின்றார்கள், நாம் அரிசிக்கு மாறினோம், இப்போது நட்சத்திர ஹோட்டலில் களிக்குத் தனி விலை போடுகிறார்கள் இல்லையா? அதே கதைதான்.

வரவுப் பக்கம்

மாசி மாதம். காலை ஐந்தரை மணி. சீலநாயக்கன்பட்டியைத் தாண்டியதும் ஊர் முடிந்தது, வானம் ஆரம்பித்தது. நான் மிகைப்படுத்தவில்லை. மூடிய காரில் போகிறவனுக்கு ரோடுதான் தெரியும். முன்கண்ணாடி என்பது ஒரு டி.வி. பெட்டி மாதிரி. அது காட்டுகிறதைத்தான் நாம் பார்க்க வேண்டும். கூரை போனதும் பெட்டியை விட்டு வெளியே வந்த மாதிரி இருக்கிறது. தலைக்கு மேலே விடிவெள்ளி. இடது கைப் பக்கம் ஜருகுமலை கறுப்பாக உட்கார்ந்திருக்கிறது. அது முடிந்தால் ராசிபுரம் பக்கத்தில் போதமலை. நாமக்கல்லை நெருங்க நெருங்கத் தூரத்தில் கொல்லிமலை. சேலத்துக்காரர்கள் மலைகளுக்கு நடுவில் ஒரு கிண்ணத்துக்குள் குடியிருக்கிறோம் என்பது, கூரையில்லாமல் போகிறபோதுதான் கண்ணுக்கு உறைக்கிறது.

இரண்டாவது வரவு, வாசனை. ஏ.ஸி. காரில் போகிறவனுக்கு ஊர்கள் எல்லாம் ஒரே வாசனை, டாஷ்போர்டில் ஒட்டி வைத்திருக்கிற எலுமிச்சை சென்ட் வாசனை. திறந்த வண்டியில் கண்ணை மூடிக்கொண்டே ஊர் சொல்லலாம். மல்லூர்ப் பக்கம் டீக்கடையில் முதல் பால் பொங்குகிற மணம். வயலுக்குத் தண்ணீர் பாய்கிற இடத்தில் ஈர மண். மஞ்சள் வேகிற காலத்தில் நாமகிரிப்பேட்டைக் காற்று இந்தப் பக்கம் அடித்தால் அது தனி. இன்னும் தெற்கே பரமத்தி வேலூர் வரை விட்டால் கரும்புப் பாகு கொதிக்கிற வாசனை வயிற்றைக் கிள்ளும். மாம்பழ சீசனில் சேலம் மார்க்கெட் பக்கம் போனாலோ, மல்கோவா வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பாதிப் பழம் சாப்பிட்ட திருப்தி மூக்கிலேயே கிடைத்துவிடும்.

மூன்றாவது வரவு, ஜனங்கள். மூடிய காருக்கு வழிவிடுகிறவர்கள், திறந்த வண்டியோடு பேசுகிறார்கள். ஆண்டகளூர் கேட்டில் சிக்னலுக்கு நின்றோம். பக்கத்தில் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் இரண்டு பால் கேனோடு நின்றவர், "ஏனுங், ஷூட்டிங்குங்களா?" என்று விசாரித்தார். இல்லை என்றதும் அவர் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தைப் பார்க்க எங்களுக்கே கூச்சமாகிவிட்டது.

அவரைக் குறை சொல்ல முடியாது. அறுபதுகளின் சினிமா நமக்குக் கற்றுக் கொடுத்தது அப்படி. கூரையில்லாத கார் வந்தால் பின்னாலேயே ஒரு பாட்டு வர வேண்டும். ஹீரோயின் தலையில் ஸ்கார்ஃப், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஹீரோ ரோட்டைப் பார்க்கவே மாட்டார். பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. கார் பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள் நின்றுகொண்டிருக்கும். பின்னால் திரையில் ரோடு ஓடும், முன்னால் ஒரு பெரிய ஃபேன் ஓடும். டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஏற்காட்டுச் சாலையில் இன்று அந்த நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. அதைக் கடந்துதான் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மலைக்குப் போக வேண்டும். திறந்த வண்டிக்கு அதைவிடப் பொருத்தமான ரோடு இந்த ஜில்லாக்களில் கிடையாது. ஒவ்வொரு வளைவுக்கும் காற்று ஒரு பிடி குளிர்ந்துகொண்டே வருவதைக் கன்னத்தால் எண்ணலாம்.

ஆனால் கையில் வாழைப்பழமோ முறுக்குப் பொட்டலமோ இருந்தால் இந்தக் கணக்கு வேறு. ஏற்காட்டுக் குரங்குகளுக்குக் கூரையில்லாத கார் என்பது கதவு இல்லாத பலசரக்குக் கடை. இதைப் பற்றில் எழுத வேண்டும். அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறேன்.

பற்றுப் பக்கம்

முதல் பற்று, அந்தக் காற்றேதான்! எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறபோது காற்று முன்னாலிருந்து அடிக்கும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. முன்கண்ணாடியில் மோதிய காற்று தலைக்கு மேலே தாண்டிப் போய்விடுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பப் பின்பக்கத்திலிருந்து காற்று சுழன்று வந்து பிடரியில் அறைகிறது. சினிமாவில் தலைமுடி அழகாகப் பின்னால் பறக்கும். நிஜத்தில் முன்னால் வந்து கண்ணை மறைக்கும். 1989ல் வந்த பென்ஸ் எஸ்.எல். காரில் இதற்காகவே ஸீட்டுக்குப் பின்னால் ஒரு வலைத் தடுப்பு வைத்தார்கள். 2004ல் இன்னொரு மாடலில், குளிர் நாட்டுக்காரர்கள் நடுங்காமல் இருக்கப் பிடரியில் சூடான காற்று ஊதுகிற மாதிரி ஏற்பாடு செய்தார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை. மே மாதம் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொட்டுப் பார்க்கும். பிடரி என்ன, உச்சந்தலை வரைக்கும் இலவசம்.

இரண்டாவது பற்று, வெயில். நாமக்கல்லில் காரியத்தை முடித்துக்கொண்டு பதினொன்றரைக்குத் திரும்பினோம். ஸீட்டு ரெக்ஸினில் உட்கார்ந்தவுடன் தோசைக்கல்லில் மாவு விழுந்த சத்தம் கேட்டது மாதிரி ஒரு பிரமை. ஸ்டியரிங்கைத் துண்டு சுற்றித்தான் பிடிக்க முடிந்தது. ஸீட் பெல்ட்டின் இரும்புக் கொக்கி எங்கே பட்டது என்பதைச் சபையில் சொல்வதற்கில்லை. நிழலில் நிறுத்தலாமென்றால் நிழல் தருவது புளியமரம், மரம் என்றால் காக்கை. விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது பற்று... வரவில் வாசனை என்று எழுதினேன் அல்லவா? அதன் எதிர்ப்பதிவு இங்கே வந்தாக வேண்டும். நாமக்கல் முட்டைக்குப் பேர்போன ஊர். முட்டைக்கு முன்னால் கோழி, கோழிக்குப் பின்னால் எரு. எருவை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிற லாரிக்குப் பின்னால், ஓவர்டேக் செய்ய வழியில்லாமல் பத்து நிமிஷம் போய்ப் பாருங்கள். உலகத்தில் எதற்காகக் கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடியைக் கண்டுபிடித்தார்கள் என்பது புரியும். அடுத்து கூண்டுக் கோழி லாரி. அதிலிருந்து பறந்த இறகு ஒன்று என் வாய்க்குள் புகுந்தது. அதற்கடுத்து மரவள்ளிக்கிழங்கு ஆலைக் கழிவுநீரின் புளிச்ச வாடை. எனக்குக் குமட்டியது. நண்பர் மட்டும் மூச்சை ஆழமாக இழுத்து, "இதான்டா நம்ம சோறு" என்றார். தொழில் பக்தி!

நாலாவது பற்று கொஞ்சம் சீரியஸ். இசடோரா டங்கன் என்று ஒரு நாட்டியப் பெண்மணி, உலகப் புகழ் பெற்றவர். 1927 செப்டம்பர் 14 அன்று பிரான்ஸில் நீஸ் நகரத்தில் திறந்த காரில் ஏறினார். கழுத்தில் நீளமான பட்டு ஸ்கார்ஃப். வண்டி கிளம்பியதும் அதன் நுனி பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. அங்கேயே உயிர் போய்விட்டது. முந்தானையும் துப்பட்டாவும் உள்ள நாட்டில் இதை வெறும் சரித்திரம் என்று தள்ள முடியாது. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பாதியாவது மறைத்துத் தடுப்பு வைக்க வேண்டும் என்று நம்ம மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. 'சாரி கார்டு' என்று நாம் சொல்வது அதைத்தான். திறந்த வண்டியில் ஏறுகிற பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வது நல்லது.

தலைவர்களும் இந்தப் பற்றில் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். 1963 நவம்பர் 22 அன்று அமெரிக்க ஜனாதிபதி கென்னடி டல்லாஸ் நகரத்தில் திறந்த லிங்கன் காரில் போனார். காருக்குக் கழற்றி மாட்டுகிற பிளாஸ்டிக் கூரை இருந்தது. குண்டு தாங்கக்கூடியது அல்ல அது. ஆனாலும் 'வெயில் நன்றாக இருக்கிறது' என்று அதைக்கூட மாட்டவில்லை. பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். அதே காருக்கு அப்புறம் நிரந்தரமாகக் கவசக் கூரை போட்டார்கள். 1981 மே 13ல் போப் இரண்டாம் ஜான் பால் சுடப்பட்டதும் திறந்த வண்டியில்தான். அதற்குப் பிறகுதான் குண்டு துளைக்காத கண்ணாடிக் கூண்டு வந்தது. ஜனங்களுக்கு முகம் காட்ட ஏறுகிற வண்டியில், ஜனங்களுக்கும் தலைவருக்கும் நடுவே கண்ணாடி வந்துவிட்டது.

செருப்புப் பெட்டி ரகசியம்

"எதுக்குத் தனியா ஒரு காரு? நம்ம பழைய காரு மேல்தகட்டை வெல்டிங் பட்டறையில குடுத்து வெட்டிட்டா ஆச்சு!" என்று சிலர் கிளம்புவார்கள். அவர்கள் முதலில் செருப்புக் கடை அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். மூடி போட்டுத் திருகிப் பாருங்கள், விறைப்பாக நிற்கும். மூடியை எடுத்துவிட்டுத் திருகுங்கள், வளையும். இன்றைய கார்களில் பெரும்பாலானவை அந்தப் பெட்டி மாதிரிதான். தனியாகச் சட்டம் கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் பலம். கூரையை வெட்டினால் மேடு பள்ளத்தில் வண்டி முறுக்கிக்கொள்ளும், கதவு சரியாக மூடாது. உருண்டால் தலைக்கு மேலே தாங்க ஒன்றுமே இருக்காது. அதனால்தான் கம்பெனியே செய்கிற கன்வெர்ட்டிபிளில் அடியில் கூடுதல் இரும்பு வைத்துப் பலப்படுத்துகிறார்கள். கூரை போன வண்டி, கூரை உள்ள வண்டியைவிட எடை அதிகம் என்பது இந்தத் தொழிலின் வேடிக்கை.

ஜீப்புக்கு இந்தப் பிரச்னை இல்லை. அடியில் ஏணி மாதிரி தனிச் சட்டம் உண்டு. 1961ல் மெட்ராஸில் தயாராக ஆரம்பித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் தனிச் சட்டம்தான். அதன் தாய்வீடான இங்கிலாந்தில் அதே ஹெரால்டைத் திறந்த காராகவும் விற்றதற்கு அது ஒரு சௌகரியம்.

சட்டம் என்றதும் இன்னொரு சட்டம் ஞாபகம் வருகிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொன்னது. ஆகவே வெல்டிங் பட்டறை ஆசையை விட்டுவிடுங்கள்.

கம்பெனியே செய்த திறந்த வண்டி வேண்டுமென்றால் நம் நாட்டில் கிடைத்ததெல்லாம் கொஞ்சம்தான். மஹிந்திரா ஜீப். 1985ல் வந்த மாருதி ஜிப்ஸி. 1998ல் கோவாவில் தயாரித்த சான் ஸ்டார்ம். இரண்டே பேர் உட்காருகிற ஃபைபர் பாடி கார், உள்ளே ரெனோ இன்ஜின். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. விற்பனைதான் லட்சணமாக இல்லை. பாட்டி, இரண்டு பிள்ளைகள், ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு குலதெய்வம் கோயிலுக்குப் போகிற ஜனங்களிடம் இரண்டு ஸீட்டை நீட்டினால் யார் வாங்குவார்கள்? 2020ல் வந்த புது மஹிந்திரா தாரில் துணிக்கூரை மாடலையும் விட்டார்கள். நம் பக்கத்து இளைஞர்கள் தாரை விரும்பித்தான் வாங்கினார்கள். ரோட்டில் நான் பார்க்கிறவற்றில் பெரும்பாலும் தகட்டுக் கூரைதான். நம்மவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள்!

கணக்கு என்றால் இந்தக் கதையையும் கேளுங்கள். 1976ல் அமெரிக்காவில் காடிலாக் கம்பெனி, 'இதுதான் கடைசித் திறந்த கார்' என்று எல்டொராடோவை விற்றது. இனி கிடைக்காது, விலை ஏறும் என்று நம்பிப் பலர் வாங்கிப் பூட்டி வைத்தார்கள். 1982ல் க்ரைஸ்லர் கம்பெனி திறந்த காரை மறுபடி கொண்டுவந்தது. 1984ல் காடிலாக்கே எல்டொராடோவைத் திரும்பத் திறந்துவிட்டது! பூட்டி வைத்தவர்கள் கொதித்துப் போய்க் கோர்ட்டுக்குப் போனார்கள். காற்று வாங்குகிற வண்டியைக் காற்றே படாமல் ஷெட்டில் வைத்தால் இப்படித்தான்.

நாமக்கல்லின் திறந்த கார்

இத்தனை நேரம் சொல்லாமல் ஒத்தி வைத்த ஒரு சங்கதி உண்டு. நாமக்கல்லுக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்கு எதிரே வரிசையாக நாலு வண்டிகள். அவற்றுக்கும் கூரை கிடையாது. கூரை மட்டுமா? கதவு இல்லை, பக்கச் சுவர் இல்லை, கேபின் இல்லை. முன்னால் ஒரு முகத்தகடு, ஸ்டியரிங், இன்ஜின், பின்னால் நீளமான இரும்புச் சட்டம், சக்கரங்கள். லாரித் தொழில் செய்கிறவர்கள் சேஸிஸ் என்பார்கள். சில மாடலுக்கு முன்கண்ணாடி உண்டு. இந்த நாலுக்கும் அதுவும் இல்லை. டிரைவர் உட்கார, கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு மரப்பெட்டி.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிக்காரர்களுக்கு இது தினசரிக் காட்சி. லாரிக் கம்பெனி சேஸிஸை மட்டும் கொடுக்கும். அதற்கு உடம்பு கட்டுவது நாமக்கல் பட்டறைகளின் வேலை. பஸ் என்றால் பக்கத்தில் கரூர். அசோக் லேலண்ட் ஓசூரிலிருந்து வரும், சுமார் 200 கிலோமீட்டர். டாடா ஜாம்ஷெட்பூரிலிருந்து வரும். அது ரெண்டாயிரம் கிலோமீட்டருக்குப் பக்கம்! அவ்வளவு தூரத்தையும் ஒருவர் ஓட்டித்தானே ஆக வேண்டும்? உலகத்தில் எந்த கன்வெர்ட்டிபிள் காரும் இவ்வளவு கன்வெர்ட்டிபிளாக இருந்ததில்லை.

தலையில் மப்ளர், முகத்தில் பாதியை மூடிய துண்டு, கண்ணில் வெல்டிங் பட்டறைக் கண்ணாடி. டீயைக் குடிக்கத் துண்டை இறக்கியபோதுதான் அறுபதை நெருங்கிய மனிதர் என்று தெரிந்தது. எங்கள் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏனுங் தம்பி, இதுக்கு மேல்துணி வரலீங்களா?"

"இருக்குதுங்க. கழட்டி வீட்ல வெச்சுட்டு வந்தோம்."

"எதுக்குங்க?"

"சும்மா, காத்து வாங்கறதுக்குத்தானுங்க."

கேலியாகச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் ஏதோ புரியாத பாஷை பேசின மாதிரி பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"முப்பது வருசமா எனக்கு இதான் பொழப்புங்க. முன்னெல்லாம் டாடா நகர் போவேன். தை மாசம் ஒரிசாவுல பனி இருக்குது பாருங்க, மூஞ்சியில ஊசி குத்தற மாதிரி இருக்கும். ரெண்டு சட்டை, ஸ்வெட்டரு, அதுக்கு மேல கோணிச் சாக்கு. ஆந்திராவுல எறங்குனா சாக்கை அவுத்து எறியோணும், அத்தன வெயிலு. ராத்திரியில வெளிச்சத்துக்குப் பூச்சி வரும். பெரிய வண்டு ஒண்ணு வந்து கன்னத்துல அடிச்சா கல்லுல அடிச்ச மாதிரி. மழை வந்தா பாலத்துக்கு அடியில நிக்கறது. பாலம் இல்லீனா நனையறதுதான், வேறென்ன பண்றது? எல்லாத்தையும் தாங்கிக்கலாமுங்க. எதிர்ல வர்றவன் லைட்டை எறக்காம வர்றான் பாருங்க, அதுதான் தாங்க முடியாது. நமக்கு நடுவுல ஒரு கண்ணாடி கூட இல்லீங்களே?"

"வண்டி பாடி கட்டி முடிச்சு வந்ததும் ஓட்டியிருக்கீங்களா?"

"அது ஓனரு வெச்சிருக்கிற டிரைவரு ஓட்டுவாருங்க. நாம பட்டறையில உட்டுட்டு பஸ் ஏறிப் போயி அடுத்ததை எடுத்தாரணுமல்ல?"

பட்டறைக்குள் போன சேஸிஸ் அப்புறம் ஆளே மாறிவிடும். ஆசாரி, டிங்கர், பெயின்டர், எலக்ட்ரீஷியன் என்று ஆளுக்கொரு பக்கம் வேலை செய்வார்கள். கேபின் ஏறும், கதவு வரும், டிரைவர் படுக்க பெர்த் வரும், நெற்றியில் சாமி பெயர் வரும். பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வெளியே எடுப்பார்கள். 1-10-2025 முதல் தயாராகிற 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் கேபினுக்கு ஏ.ஸி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. நல்ல விதி. நாள் முழுக்க இன்ஜின் சூட்டில் வேகிற டிரைவருக்கு இது என்றோ வந்திருக்க வேண்டும். கம்பெனி கேபினோடு வருகிற லாரிகளும் இப்போது அதிகமாகிவிட்டன. ஆனாலும் மொட்டைச் சேஸிஸ் வருவது அடியோடு நின்றுவிடவில்லை. அதே வண்டியில் நாளைக்கு ஏ.ஸி. ஓடும். அதைப் பட்டறைக்குக் கொண்டு வந்து சேர்க்கிறவர் மட்டும் மரப்பெட்டியில், வெட்டவெளியில்.

இங்கேதான் என் பேரேடு தகராறு செய்தது. வானம், காற்று, வாசனை என்று நான் வரவில் எழுதிய ஒவ்வொன்றும் அவருக்கும் கிடைத்தவைதான். என்னைவிட ஆயிரம் மடங்கு கிடைத்தவை. ஆனால் அவர் கணக்கில் அத்தனையும் பற்று. ஏனென்றால் எனக்கு வீட்டில் ஒரு மேல்துணி இருக்கிறது. வெயில் ஏறினால் நாளைக்கே மாட்டிக்கொள்ளலாம். திறந்த காரின் சுகம் முழுக்க, மூடிக்கொள்ள முடியும் என்பதில்தான் அடங்கியிருக்கிறது. ஷோரூமில் அந்த வசதிக்குத்தான் லட்சக்கணக்கில் விலை போடுகிறார்கள்.

திறந்த வண்டி வாங்குகிற யோசனை இருப்பவர்களுக்கு என் சிபாரிசு இது: தாராளமாக வாங்குங்கள், கம்பெனியே செய்ததாக வாங்குங்கள். மாசியில் விடியற்காலையில் ஓட்டுங்கள். தொப்பி போடுங்கள், பெல்ட் மாட்டுங்கள், முந்தானையைச் செருகுங்கள், ஏற்காட்டுக்கு வாழைப்பழம் கொண்டு போகாதீர்கள். பத்து மணிக்குக் கூரையை மூடிவிடுங்கள்.

மூடின கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ராத்திரியில் சேலம் - நாமக்கல் ரோட்டிலோ, வேறு எந்த ரோட்டிலோ, எதிரே முகத்தகடு மட்டும் உள்ள மொட்டைச் சேஸிஸ் வந்தால் ஹெட்லைட்டை இறக்குங்கள். மழை நாளில் பள்ளத்துத் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு அதை ஓவர்டேக் செய்யாதீர்கள். அதன் மேல் மரப்பெட்டியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

டீக்கு நாங்கள்தான் காசு கொடுப்போம் என்றோம். அவர் விடவில்லை, தன் காசைத் தானே கொடுத்தார். துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு சேஸிஸ் மேல் ஏறியவர், ஏதோ ஞாபகம் வந்த மாதிரி திரும்பிக் கேட்டார்:

"தம்பி, அந்த மேல்துணி... வீட்ல சும்மாதான் கெடக்குதுங்களா?"